நூறு வயது மோதிரத்தில் இருக்கும் மாணிக்கத்தை எப்படி நம்புவது?

"அந்தக் காலத்து மோதிரம் சார், அப்போ ஏது டூப்ளிகேட்?" பழைய மாணிக்க மோதிரம் தேடி அலைகிறவர்கள் எங்கேயாவது ஒரு கடையில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். விற்பவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவரும் அதை நம்பித்தான் சொல்கிறார். ஆனால் மாணிக்கத்தைப் பொறுத்தவரை இது தலைகீழான பேச்சு. இன்று 'ஆன்டிக்' என்ற பெயரில் ஏலங்களிலும் கடைகளிலும் அடிக்கடி கண்ணில் படுபவை 1880-களிலிருந்து 1920-கள் வரை பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் செய்த மோதிரங்கள். பர்மாவின் அருமையான மாணிக்கங்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத செயற்கை மாணிக்கம் முதன்முதலாகச் சந்தைக்கு வந்ததும் அதே காலத்தில்தான். எனவே மோதிரத்தின் வயதைக் கல்லுக்கு ஜாமீனாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் தேவைப்படுகிறது.

1885 நவம்பரில் ஆங்கிலேயப் படை பர்மாவின் தலைநகரான மண்டலேயைப் பிடித்தது. பர்மிய மன்னர் தீபா முதலில் மதராஸுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு ரத்னகிரியில் சிறைவைக்கப்பட்டார். மேல் பர்மா 1886 ஜனவரி 1-ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. போருக்கு அரசியல், வணிகக் காரணங்கள் பல உண்டு. ஆனால் லண்டன் நகை வியாபாரிகளின் கண் மண்டலேக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும், மாணிக்கம் விளையும் மோகோக் பள்ளத்தாக்கின் மேல் இருந்தது. பர்மிய மன்னர்கள் காலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கிடைக்கும் கல் எல்லாம் அரண்மனைக்கே சொந்தம். அதனால் பெரிய மாணிக்கங்கள் வெளியே வருவது அபூர்வமாக இருந்தது. தீபாவிடம் இருந்த பெரிய மாணிக்கம் ஒன்று, அவர் நாடுகடத்தப்பட்ட சமயத்தில் ஆங்கிலேய அதிகாரி கைக்குப் போய்க் காணாமல் போனதாக அவர் குடும்பத்தார் கடைசிவரை சொல்லிவந்தார்கள். அது தனிக் கதை.

1889-இல் 'பர்மா ரூபி மைன்ஸ்' கம்பெனியின் பங்குகளை ராத்ஸ்சைல்டு வங்கி லண்டனில் வெளியிட்டது. வாங்க வந்த கூட்டத்தின் நெரிசலில் ராத்ஸ்சைல்டு பிரபுவே ஏணி வைத்து ஜன்னல் வழியாகத் தன் அலுவலகத்துக்குள் போனார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கம்பெனி எந்திரங்களைக் கொண்டுபோய் இறக்கி, மோகோக் மண்ணைத் தோண்டிக் கழுவியது. சில நல்ல வருடங்கள் வந்தன. அந்த வருடங்களின் கற்கள்தான் லண்டன் பாண்ட் தெரு கடைகளில், வைரம் சூழ்ந்த கொத்து மோதிரங்களாக, மூன்று கல், ஐந்து கல் வரிசை மோதிரங்களாக மாறின. ஆனால் கம்பெனி நிலைக்கவில்லை. 1925-இல் கலைப்பு நடவடிக்கைக்குப் போய், 1931-இல் குத்தகையையே திருப்பிக் கொடுத்துவிட்டது.

இதே காலத்தில் நம் பக்கத்துக்கும் கல் வந்தது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நகரத்தார் தேக்கோடு சிவப்புக் கல்லும் கொண்டுவந்தார்கள். செட்டிநாட்டுப் பழைய நகைகளில் 'பர்மா சிவப்பு' என்று சொல்லி எடுத்துக் காட்டப்படும் கற்களில் உண்மையானவையும் இருக்கின்றன. இலங்கைக் கற்கள் இரத்தினபுரி வட்டாரத்திலிருந்து கீழக்கரை, காயல்பட்டினத்து வியாபாரிகள் மூலமாக வந்தன. ஆக, பர்மா என்ற பேச்சு எல்லாமே கட்டுக்கதை இல்லை. அதுதான் சிக்கலே.

இப்போது கதையின் மறுபாதி. 1885 வாக்கில் ஐரோப்பியச் சந்தையில் 'ஜெனீவா ரூபி' என்ற பெயரில் ஒரு கல் நடமாடத் தொடங்கியது. முதலில் இயற்கைக் கல் என்றே விற்கப்பட்டது. கொஞ்ச நாளில் குட்டு வெளிப்பட்டது. நெருப்பில் உருக்கி வளர்த்த கல் அது. இதற்கிடையில் பாரிஸில் அகஸ்ட் வெர்னூயி என்ற வேதியியலாளர் இதே காரியத்தைச் சீராகச் செய்யும் முறையைக் கண்டுபிடித்து, 1902-இல் அறிவித்தார். அலுமினிய ஆக்ஸைடு தூளில் கொஞ்சம் குரோமியம் ஆக்ஸைடு கலந்து, ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுவாலை வழியாகத் தூவினால், தூள் 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிக் கீழே ஒரு தண்டின் மேல் சொட்டுச் சொட்டாக உறைந்து வளரும். சில மணி நேரத்தில் ஒரு சிவப்புக் கட்டி தயார். 1907-க்குள் இந்த முறையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கிலோ உற்பத்தி ஆகிவந்தது. 1,000 கிலோ என்றால் 50 லட்சம் கேரட்.

இதைக் கண்ணாடி என்று நினைத்துவிடக் கூடாது. வேதியியல்படி இதுவும் மாணிக்கம்தான். கடினம் மோஸ் அளவையில் அதே 9, ஒளிவிலகல் எண் அதே 1.76–1.77, அடர்த்தி அதே 4. ஊசியால் கீறிப் பார்ப்பது, நாக்கில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பது, பாலில் போட்டுப் பார்ப்பது எல்லாம் இதனிடம் பலிக்காது. அன்றைய நகைக்கடைக்காரர்களிலேயே பலர் ஏமாந்தார்கள். வாங்குபவர்களுக்கு மாணிக்கத்தின் மேலேயே நம்பிக்கை ஆட்டம் கண்டது. மோகோக் கம்பெனி சரிந்ததில் இந்தக் கலக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆக 1910-இல் லண்டனில் செய்த, முத்திரையெல்லாம் சரியாக உள்ள, கை வேலைப்பாடு நிறைந்த அசல் மோதிரத்திலேயே முதல் நாளிலிருந்து செயற்கைக் கல் இருந்திருக்கலாம். யாரும் கல்லை மாற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மாற்றப்பட்டவையும் நிறைய. கையில் பணம் இல்லாதபோது நல்ல கல்லைக் கழற்றி விற்றுவிட்டு, அந்த இடத்தில் அதே அளவில் வேறொன்றைப் பதித்துக்கொள்வது எல்லா ஊர் குடும்பங்களிலும் நடந்த விஷயம். அடுத்த தலைமுறைக்கு அது தெரிந்திருக்காது. அதற்கும் முன்னால், செயற்கைக் கல் இல்லாத காலத்திலும், ஆள்மாறாட்டம் இருந்தது. ஸ்பினல் என்ற சிவப்புக் கல்லை நூற்றாண்டுகளாக மாணிக்கம் என்றே நினைத்தார்கள். பிரிட்டிஷ் அரச கிரீடத்தின் முன்பக்கத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' ஸ்பினல்தான். 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடியின் தலையில் கார்னெட் என்ற இன்னொரு சிவப்புக் கல்லின் மெல்லிய சில்லை ஒட்டி விற்ற ஒட்டுக்கற்கள் ஏராளம்.

முதலில் மோதிரம், அப்புறம் கல்

மோதிரத்தைக் கையில் வாங்கியதும் கண் நேராகக் கல்லுக்குத்தான் போகும். முடிந்தால் அதைத் தடுத்துக்கொள்ளுங்கள். மோதிரத்தைக் கவிழ்த்து, உள்பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (நகைக்காரர்களின் கைலென்ஸ்) பாருங்கள். மாணிக்கம் சாதாரணமாகத் தன் வயதைச் சொல்லாது. உலோகம் ஓரளவு சொல்லும்.

பிரிட்டிஷ் முத்திரைகள் இதற்கு ரொம்ப உதவுபவை. எந்த நகரத்து மதிப்பீட்டு நிலையம், எந்த வருடம் என்பதைச் சின்னமும் எழுத்தும் காட்டிக்கொடுக்கும்: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம். 15 கேரட் தங்கம் என்ற தரமே 1854-இல் வந்து 1932-இல் நிறுத்தப்பட்டது. எனவே 15 என்ற முத்திரை ஒழுங்காக இருந்தால் மோதிரம் அந்த இடைவெளிக்குள் வந்துவிடுகிறது. பிளாட்டினத்துக்குப் பிரிட்டனில் அதிகாரபூர்வ முத்திரை வந்தது 1975-இல்தான். '1905 மோதிரம்' என்று காட்டப்படும் ஒன்றில் பிரிட்டிஷ் பிளாட்டின முத்திரை முழுசாக இருந்தால், ஒன்று அது பின்னாளில் குத்தியது, இல்லை மோதிரமே பின்னாளில் செய்தது. பிரெஞ்சு மோதிரங்களில் 18 கேரட்டுக்குக் கழுகுத் தலை 1838 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

முத்திரையே இல்லை என்பதால் மட்டும் மோதிரத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அளவு மாற்றும்போது வெட்டுப்பட்டுப் போயிருக்கலாம். பல மோதிரங்களுக்கு முத்திரை குத்தப்படவே இல்லை. முத்திரை உள்ள பழைய வளையத்தில் வேறொரு தலையைப் பற்றவைத்த கலவைகளும் உண்டு. வளையமும் தலையும் சேரும் இடத்தில் தங்கத்தின் நிறம் மாறுகிறதா, பற்றவைத்த கோடு தெரிகிறதா, சாம்பல் நிற ஈயப் பற்றவைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஹால்மார்க்கும் அதோடு வரும் ஆறு இலக்க எச்யூஐடி அடையாளக் குறியும் தங்கத்தின் தரத்துக்குத்தான், வயதைச் சொல்லாது. பழைய மோதிரத்தை இன்று கடைக்காரர் விற்கும்போது புதிதாகக் குத்தியிருக்கலாம்.

முத்திரையைவிட வேலைப்பாட்டை ஏமாற்றுவது கடினம். கல்லுக்கு அடியில் இருக்கும் சின்னச் சின்னத் துளை வேலைகளைப் பாருங்கள். கையால் அறுத்தது என்றால் அரத்தின், ரம்பத்தின் தடங்கள் லேசாகத் தெரியும்; ஒவ்வொரு துளையும் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். அச்சில் வார்த்த நகல் என்றால் மூலைகள் மழுங்கி, உலோகத்தில் குண்டூசி முனை அளவில் குழிகள் இருக்கும். வெளியே பளபளப்பாக மெருகேற்றியவர்கள் உள்பக்கத்தை அவ்வளவு கவனிப்பதில்லை. 1900-க்கு முன் பிளாட்டினம் நகையில் பரவலாகவில்லை என்பதால், அதற்கு முந்தைய ஐரோப்பிய மோதிரங்களில் வைரத்தைப் பிடித்திருக்கும் மேல்பாகம் வெள்ளியிலும் அடிப்பாகம் தங்கத்திலும் இருப்பது வழக்கம்.

மாணிக்கத்தைச் சுற்றி வைரங்கள் இருந்தால் உங்களுக்குச் சாட்சிகள் கிடைத்த மாதிரி. பழைய பட்டை வைரங்களில் மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு குட்டி வட்டம் தெரியும். அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாகத் தேய்த்திருப்பார்கள். வடிவமும் சரியான வட்டமாக இருக்காது. எல்லா வைரமும் ஒரே அளவில், ஒரே வார்ப்பில், இன்றைய பட்டையில் இருந்தால் மோதிரம் நகல். பத்தில் ஒன்றிரண்டு மட்டும் புதிய பட்டையில் இருந்தால் அது பழுது பார்த்ததன் அடையாளம். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம், அவ்வளவுதான்.

தேய்மானம் தனியாகப் பார்க்க வேண்டியது. நிஜமாகவே அணிந்த மோதிரத்தில் வளையத்தின் அடிப்பகுதி மெலிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் பாதி வளையத்தைப் புதிதாக வைக்க வேண்டிவரும். கொக்கிகளின் நுனி தட்டையாகத் தேய்ந்து கல்லின் மேல் காகிதம்போல் ஒட்டிக்கொண்டிருந்தால், அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், என்றாவது கல் விழும். கொக்கி தேய்ந்திருக்க, கல்லின் பட்டை ஓரங்கள் மட்டும் நேற்று தீட்டியதுபோல் கூராக இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். மாணிக்கம் கடினமானதுதான், ஆனால் மற்ற வைர நகைகளோடு ஒரே பெட்டியில் கிடந்தால் அதன் ஓரங்களும் உரசி வெண்மையாகும். மறுபடி பட்டை தீட்டியிருக்கலாம், கல்லையே மாற்றியிருக்கலாம்.

நம் ஊர் பழைய மோதிரங்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. குளோஸ்டு செட்டிங்கில் கல்லின் அடிப்பக்கம் மூடியிருக்கும். கல்லுக்கும் உலோகத்துக்கும் இடையில் நிறமூட்டிய ரேக்கும் (மெல்லிய உலோகத் தகடு), அதற்கடியில் அரக்கும் இருக்கும். மங்கலான கல்லைக்கூட ரேக்கு கொழுந்துவிட்டு எரிய வைத்துவிடும். ஐரோப்பாவிலும் 18-ஆம் நூற்றாண்டு மோதிரங்கள் இப்படித்தான். மூடிய கல்லுக்குப் பின்னால் வெளிச்சம் போகாது. உள்ளே பார்க்கவும் முடியாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் 'உயர்தரப் பர்மாக் கல்' என்று விலை சொல்பவரிடம் நான் ரேக்குக்கும் சேர்த்துச் சந்தேகப்படுவேன். பிரித்தால் பழைய வேலை கெடும் என்பதும் உண்மைதான். அப்படியானால் கல்லுக்கு விலை கொடுக்காமல், நகைக்கு மட்டும் விலை பேசுங்கள். வாங்கிய பிறகும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் போனால் ரேக்கு கறுத்துவிடும்.

லூப்பில் என்ன தெரியும், என்ன தெரியாது

நகைக்கடையின் மஞ்சள் வெளிச்சம் சிவப்புக் கல்லுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். மோதிரத்தை வாசலுக்குக் கொண்டுபோய், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் நிறம் வெளுத்து ஜன்னல்போல் அடிப்பக்கம் தெரிகிறதா, ஓரங்கள் கறுத்துக் கிடக்கின்றனவா என்பது அங்கேதான் புரியும். பழைய பர்மிய, இலங்கைப் பட்டைகளில் இப்படிப்பட்ட கோணல்கள் சகஜம். அங்கே தீட்டியவர்கள் அழகைவிட எடையைக் காப்பாற்றுவதில் குறியாக இருந்தார்கள். அளவுகள் பிசகின்றி இருக்கும் பழைய கல்லைக் கண்டால்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை வரும்.

இனி லூப். இயற்கை மாணிக்கத்தின் உள்ளே ஏதாவது இருக்கும். பர்மாக் கற்களில் ரூட்டைல் என்ற கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் 60, 120 டிகிரிக் கோணங்களில் வெட்டிக்கொண்டு பட்டுத்துணி நூல்களாகத் தெரியும். வியாபாரிகள் அதைப் 'பட்டு' என்றே சொல்வார்கள். சிறு படிகங்கள், விரல்ரேகை மாதிரி ஆறிய விரிசல்கள், நேர்கோட்டு வளர்ச்சிப் பட்டைகள் எல்லாம் நல்ல அறிகுறிகள். வெர்னூயி கல்லில் வளர்ச்சிக் கோடுகள் வளைந்திருக்கும், கிராமபோன் தட்டின் கோடுகளைப் போல. கூடவே குட்டிக் குட்டி வாயுக் குமிழிகள். குமிழி லூப்பில் சிக்கிவிடலாம். வளைந்த கோட்டைப் பார்ப்பதற்குச் சரியான வெளிச்சமும் நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் வேண்டும். லூப்பில் எதுவும் தெரியவில்லை என்பது நல்ல செய்தி அல்ல.

இங்கே ராசிக்கல் வாங்குகிறவர்களின் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சூரியனுக்கு மாணிக்கம், மோதிர விரலில், தோஷமில்லாத கல் வேண்டும் என்று ஜோதிடர் எழுதிக் கொடுத்துவிடுவார். கீறலும் புள்ளியும் இல்லாத பளிச்சென்ற இயற்கை மாணிக்கம் இரண்டு மூன்று கேரட்டில் வேண்டுமென்றால் அதன் விலை வீட்டு விலை. கேட்ட விலைக்கு அப்படி ஒன்று கிடைக்கிறது என்றால் அது உலையில் பிறந்ததாகத்தான் இருக்கும். திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் பல தலைமுறைகளாக நடக்கிறது. அங்கே யாரும் எதையும் ஒளித்து விற்பதில்லை. ஏமாற்று நடப்பது, கல் இரண்டு கை மாறி, பழைய மோதிரத்துக்குள் போன பிறகுதான்.

புற ஊதா டார்ச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மோகோக் கற்கள் சலவைக்கல் பாறையில் விளைந்தவை. இரும்புச் சத்து குறைவு என்பதால் புற ஊதா ஒளியில் தணல்போல் சிவந்து ஒளிரும். எரிமலைப் பாறையோடு வரும் தாய்லாந்துக் கற்களில் இரும்பு அதிகம். நிறம் கொஞ்சம் அடர்ந்து, ஒளிர்வு மங்கும். இதை வைத்துச் சில வியாபாரிகள் டார்ச் அடித்துக் காட்டி 'பாருங்க, பர்மா' என்பார்கள். வெர்னூயி கல்லும் அதே மாதிரி, சில சமயம் அதைவிடப் பிரமாதமாக, ஒளிரும். சிவப்பு ஸ்பினலும் ஒளிரும். டார்ச்சால் கார்னெட்டை ஒதுக்கலாம், அது ஒளிராது. அதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. ஒட்டுக்கல்லைப் பிடிக்க டார்ச்சே வேண்டாம்: பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டிய இடத்தில் மினுமினுப்பு மாறும்.

பழைய மோதிரத்தில் புதிய கல் இருப்பதற்குச் சில உறுதியான அடையாளங்களும் இருக்கின்றன. மொசாம்பிக்கின் மான்டிபுவேஸ் வயல் 2009-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பர்மாவின் மோங் ஷு கற்கள் 1990-களில் வந்தவை. ஆய்வகம் இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னால், விக்டோரியா மகாராணி காலத்து மோதிரத்துக்குள் அந்தக் கல் பின்னாளில்தான் போயிருக்கிறது. ஈயக் கண்ணாடியை விரிசலுக்குள் ஊற்றி நிரப்பிய கற்கள் 2004 வாக்கில் சந்தையை நிறைத்தன. மோதிரத்தை மெல்லச் சாய்த்தால் உள்ளே நீல மின்னல் அடிக்கும், தட்டையான குமிழிகள் தெரியும். இந்தக் கல் எலுமிச்சைச் சாற்றுக்கே அரிபடும். ஆசாரி கொக்கியைச் சரிசெய்ய நெருப்புக் காட்டினால் கல் கெட்டுப்போகும். இதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல செயற்கைக் கல்லே வாங்கிவிடலாம், உழைக்கவாவது செய்யும்.

சூடேற்றுவது வேறு விவகாரம். நிறத்தையும் தெளிவையும் கூட்ட மாணிக்கத்தைச் சூடாக்குவது ஆயிரம் வருடத்துப் பழக்கம். இலங்கையில் ஊதுகுழல் வைத்துக் கரியடுப்பில் செய்துவந்தார்கள். அதிக வெப்பத்தில் உலையில் வைப்பது 1970-களிலிருந்து தாய்லாந்தில் பெருகியது. நூறு வருடத்துக்கு முன் மோதிரத்தில் பதித்து அப்படியே இருக்கும் கல் உலைச்சூடு காணாததாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய மோதிரம் தேடுவதற்கு இது ஒரு நல்ல காரணம். ஆனால் 'அப்படியே இருக்கும்' என்பதைத்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கல்லைக் கழற்றி, பாங்காக்கில் சூடேற்றி, திரும்பப் பதிப்பதில் எந்த சிரமமும் இல்லை.

கல்லின் எடையைப் பதித்த நிலையில் கணக்குப் போடலாம். நீள்வட்டக் கல் என்றால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதை அதனாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, பிறகு 4-ஆலும் 0.002-ஆலும் பெருக்க வேண்டும். 7 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம் உள்ள கல் சுமார் 1.35 கேரட் வரும். விற்பவர் அதை 2 கேரட் என்றால் எப்படி என்று கேட்கலாம். அடிவயிறு பருத்த கல்லில் எடை கொஞ்சம் கூடும், பாதி அளவுக்குக் கூடாது.

சான்றிதழ் எதைச் சொல்கிறது

விலை சில லட்சங்களைத் தொடும் எந்த மாணிக்கத்துக்கும் ஆய்வக அறிக்கை வேண்டும். வெளிநாட்டு ஏலங்களில் சுவிட்சர்லாந்தின் எஸ்எஸ்இஎஃப், கூபலின் அறிக்கைகளுக்கு மரியாதை அதிகம். அமெரிக்காவின் ஜிஐஏ, ஏஜிஎல் அறிக்கைகளும் வரும். இந்தியாவில் ஜெய்ப்பூரின் ஜெம் டெஸ்டிங் லேபரட்டரி (இப்போது ஐஐஜிஜே-ஆர்எல்சி என்று பெயர்) பல பத்தாண்டுகளாக இயங்குகிறது, ஜிஐஏ-வுக்கு மும்பையில் ஆய்வகம் உண்டு. அறிக்கை எண்ணை அந்தந்த ஆய்வகத்தின் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கும். அவை கையிலிருக்கும் கல்லோடு பொருந்துகின்றனவா என்று அளந்து பாருங்கள். அறிக்கை நல்ல கல்லுடையது, மோதிரத்தில் இருப்பது வேறு கல் என்று ஆவது சந்தையில் புதிதல்ல. தேதி ரொம்பப் பழையது என்றால், அதற்குப் பின் வந்த சூடேற்றலையோ நிரப்பலையோ அது அறிந்திருக்காது.

அறிக்கை கல்லைப் பற்றியது மட்டும். மோதிரம் 1895-ஐச் சேர்ந்தது என்று எந்த ரத்தினக்கல் ஆய்வகமும் சான்று தராது. விளம்பரத்தில் 'சான்றளிக்கப்பட்ட ஆன்டிக் ரூபி மோதிரம்' என்று இருந்தால், சான்று எந்தச் சொல்லுக்கு என்று கேளுங்கள்.

'பர்மா', 'புறா ரத்தச் சிவப்பு' என்ற இரண்டு பெயர்களும் விலையைப் பல மடங்கு ஏற்றக்கூடியவை. பிறந்த ஊர் என்பது ஆய்வகத்தின் கருத்து. உள்ளே இருக்கும் படிகங்களையும் நுண்ணளவுத் தனிமங்களையும் பார்த்து வருவது. சில கற்களுக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு ஊர் சொல்வதும் நடக்கிறது. புறா ரத்தச் சிவப்புக்கு நெடுநாளாக ஆளுக்கொரு அளவுகோல் இருந்தது. எஸ்எஸ்இஎஃபும் கூபலினும் 2015-இல்தான் தங்களுக்குள் ஒரே வரையறைக்கு வந்தன. சாதாரணக் கடைச் சான்றிதழில் அந்தப் பெயர் அச்சாகியிருந்தால் அதற்குத் தனி விலை தர வேண்டியதில்லை. பர்மாவுக்குப் போட்டியே இல்லை என்பதும் இப்போது பழைய பேச்சு. 25.59 கேரட் எடையுள்ள 'சன்ரைஸ் ரூபி' 2015-இல் ஜெனீவாவில் ஏறத்தாழ 3 கோடி டாலருக்குப் போனது. அது பர்மாக் கல். 2023-இல் நியூயார்க்கில் 55.22 கேரட் 'எஸ்ட்ரெலா டி ஃபுரா' 3.48 கோடி டாலருக்குப் போனது. அது மொசாம்பிக்.

என்ன விலை கொடுப்பது

விலையைப் பேசும்போது மோதிரத்தை மனதுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: உலோகமும் சிறு வைரங்களும் ஒன்று, காலத்து வேலைப்பாடு ஒன்று, நடுக்கல் ஒன்று. முதல் இரண்டுக்கும் கையிலேயே ஆதாரம் இருக்கிறது. மூன்றாவதுக்கு ஆதாரம் அறிக்கைதான். அறிக்கை இல்லையா, நடுக்கல் செயற்கை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டும் விலை சரியாக வந்தால் தாராளமாக வாங்கலாம்; பின்னால் நல்ல கல் என்று தெரிந்தால் லாபம்.

செயற்கைக் கல் உள்ள பழைய மோதிரம் என்றால் முகம் சுளிக்க வேண்டியதும் இல்லை. 1920-களின் ஆர்ட் டெகோ பாணி மோதிரங்களில் வரிசையாகச் சதுரம் சதுரமாக அறுத்துப் பதித்த சிவப்புக் கற்கள் பல இடங்களில் செயற்கை. நிறம் ஒன்றுபோல் வேண்டும் என்பதற்காக நல்ல பட்டறைகளே அதைப் பயன்படுத்தின. அந்தக் கல்லும் இன்று நூறு வயதை நெருங்குகிறது. மோதிரம் அசல், வேலை அசல், விலை மட்டும் மாணிக்க விலையாக இருக்கக் கூடாது.

நம் ஊர் நகைக்கடைகளில் திருப்பி விற்கப் போனால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். பழைய நகையை எடுக்கும்போது கல் எடையையும் அரக்கையும் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் விலை போடுவதுதான் வழக்கம். நூறு வருட வேலைப்பாடும் மோகோக் கல்லும் அந்தத் தராசில் பூஜ்யம். இதில் போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் ஏலமோ, பழைய நகை சேகரிப்பவரோ கிடைக்க வேண்டும். அதிலும் ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு, மேல் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கட்டணம் வாங்குகின்றன. பட்டியலில் அச்சிட்ட மதிப்பீட்டில் அது சேராது. காப்பீட்டுக்காகப் போட்ட மதிப்புச் சீட்டைக் காட்டி 'இதில் பாதி விலைக்குத் தருகிறேன்' என்பார்கள். அது தொலைந்தால் புதிதாக வாங்க ஆகும் செலவு. சந்தை விலையோடு அதற்குச் சம்பந்தம் குறைவு.

சட்டத்திலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத பழமையும் சரித்திர மதிப்பும் உள்ள பொருளைத் தனியார் யாரும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது. அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். நல்ல விலை கிடைக்கும் என்று சென்னையில் வாங்கி லண்டன் ஏலத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற கணக்கு அங்கே முட்டிக்கொள்ளும். தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால் அனுப்பலாம். ஆனால் அந்தச் சான்றை வைத்துக்கொண்டு அங்கே போய் நூறு வருட மோதிரம் என்று விற்பது எப்படி?

கடைசியாக பில். 'ரூபி மோதிரம் ஒன்று' என்று எழுதிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளாதீர்கள். இயற்கை மாணிக்கம், சூடேற்றியதா இல்லையா, நிரப்பல் உண்டா, கல்லின் அளவு, உலோகத்தின் தரம், எந்தக் காலத்தது என்று விற்பவர் சொன்னாரோ அந்தக் காலம், எல்லாம் வரிவரியாக வேண்டும். ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வரும்வரை அவகாசம், அறிக்கை வேறு மாதிரி வந்தால் முழுப் பணமும் திரும்ப என்ற நிபந்தனையையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி இதற்கு முகம் கோணுவதில்லை. அறிக்கைச் செலவில் பாதியை ஏற்றுக்கொள்பவர்கள்கூட உண்டு. எழுதித் தர மாட்டேன், வாய் வார்த்தை போதாதா என்கிறவரிடமும் மோதிரம் பிடித்திருந்தால் வாங்கலாம். தங்கத்துக்கும் சிறு வைரங்களுக்கும் வேலைப்பாட்டுக்கும் ஒரு விலை சொல்லுங்கள், நடுவில் இருக்கும் சிவப்புக்குச் சில நூறு ரூபாய்.